நிறைந்த மடியும் நிறையாத மனமும்

ஃபிக்ஹு நூல்களில் வணிகம் பற்றிய பகுதியைப் பாடம் நடத்தும் எவரும் 'முஸர்ராத்' என்னும் சொல்லைக் கடந்துதான் செல்ல வேண்டும். விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறவாமல் விட்டு, மடி புடைத்துத் தோன்றுமாறு செய்யப்பட்ட ஆட்டையோ ஒட்டகத்தையோ அச்சொல் குறிக்கும். இவ்வாறு செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறியாமல் வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிடில் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்றும் அறிவித்தார்கள். திருப்பித் தரும் உரிமை குறித்து ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. எனினும், அச்செயல் ஏமாற்று என்பதில் எவரிடமும் விவாதம் இல்லை.

இப்பாடத்தின்போது மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், வியாபாரி ஒரு பொய்யும் சொல்லவில்லையே, மடியில் இருந்தது உண்மையான பால்தானே?" நல்ல கேள்வி. ஷரீஅத்தின் நுட்பமும் அங்கேதான் இருக்கிறது. நாவு பொய் சொல்லவில்லை. காட்சி பொய் சொன்னது. சொற்களை மட்டும் எடைபோடும் தராசில் இக்குற்றம் நிற்காது. வாங்குபவரின் உள்ளத்தில் என்ன எண்ணம் விதைக்கப்பட்டது என்பதையே மார்க்கம் கணக்கில் கொண்டது. இன்றைய விளம்பரத்தை மதிப்பிட நம் முன்னோர் விட்டுச் சென்ற திறவுகோல் இதுவே என்பது நமது கருத்து.

இக்கருத்தை ஏட்டளவில் நிறுத்தாமல் நாம் வாழும் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்ற பின் கம்பம் பள்ளத்தாக்கு பசுமை கண்டது. இன்று இங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. இவ்வயல்களின் நடுவே, சின்னமனூருக்கு அருகில் இருப்பது குச்சனூர். அங்குள்ள சனீஸ்வரர் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும், சிறப்பாக ஆடி மாதத்தில், வெளியூர்களிலிருந்து மக்கள் திரளாக வருகின்றனர். அவர்களுடைய நம்பிக்கை வேறு, நமது நம்பிக்கை வேறு. ஆயினும் அவர்கள் சுமந்து வரும் கவலைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. கடன், நோய், மகளின் திருமணம், மகனின் வேலை ஆகியவையே அவை. அவ்வழியே செல்லும் பேருந்திலிருந்து நாம் காண்பதென்ன? சுவர்களிலும் பலகைகளிலும் நகைக்கடையும் பட்டுப்புடவையும் இருசக்கர வாகனமும் வீட்டுமனையும் முன்பணமில்லாத் தவணையும் வரிசையாக நிற்கின்றன. பலகைகளில் உள்ள முகங்கள் யாவும் சிரிக்கின்றன. பேருந்தில் இருக்கும் முகங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே போகின்றன.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். நெல் ஆண்டுக்கு இருமுறை பணம் தரும். தவணையோ ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பணம் கேட்கும். விளைச்சலின் நாட்காட்டிக்கும் கடனின் நாட்காட்டிக்கும் இடையே விழும் பள்ளத்தைப் பெரும்பாலும் மனைவியின் நகையே நிரப்புகிறது. நகை வாங்கச் சொல்வது ஒரு பலகை. அதே நகைக்கு உடனடிக் கடன் தருவதாகச் சொல்வது அடுத்த பலகை. ஒரே தெருவில் இரண்டும் எதிரெதிரே நிற்பதைக் காணும்போது, இவ்விரண்டும் ஒரே கதையின் முதல் அத்தியாயமும் இறுதி அத்தியாயமும் என்று எண்ணத் தோன்றுகிறது.

மனிதத் தேவைகளை நம் அறிஞர்கள் மூன்று படிகளாக வகுத்தனர். உயிரும் மார்க்கமும் அறிவும் குடும்பமும் பொருளும் நிலைபெற இன்றியமையாதவை ளரூரிய்யாத். அவை இல்லாவிடில் வாழ்வு அழியாது, ஆனால் இடர்ப்படும் என்னும் நிலையில் உள்ளவை ஹாஜிய்யாத். வாழ்வை அழகுபடுத்துபவை தஹ்ஸீனிய்யாத். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்த இப்பகுப்பை ஹிஜ்ரி 790இல் மறைந்த இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள் விரிவாக வளர்த்தார்கள். அழகை மார்க்கம் வெறுக்கவில்லை. அதற்குரிய படியில் அதை வைத்தது, அவ்வளவே.

விளம்பரம் செய்யும் வேலையோ இப்படிகளின் வரிசையைக் குலைப்பது. மூன்றாம் படியில் இருப்பதை இரண்டாம் படிக்கும், பின்னர் முதற்படிக்கும் அது ஏற்றுகிறது. நம் ஊர்களின் திருமணச் சீர்வரிசைப் பட்டியலே இதற்குச் சான்று. கட்டிலும் பீரோவும் பெருமையாகக் கருதப்பட்ட காலம் நம் நினைவில் உள்ளது. பிறகு குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் இருசக்கர வாகனமும் அப்பட்டியலில் சேர்ந்தன. நேற்றைய அலங்காரம் இன்றைய கட்டாயமாயிற்று. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மார்க்கத்தில், பெண்ணைப் பெற்ற அத்தா கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். நம்மிடம் ஐந்தாண்டு ஓதிய மாணவர் ஒருவர், அக்காவின் திருமணக் கடனை அடைப்பதற்காக, ஸனது பெற இரண்டாண்டே எஞ்சியிருந்த நிலையில் கேரளத்தில் ஒரு கடைக்கு வேலைக்குச் சென்றார். அவர் விட்டுச் சென்ற கிதாபுகள் இன்னும் நம் அலமாரியில் இருக்கின்றன. அக்கடனுக்கு வட்டி மட்டுமா விலை?

பொருளியல் அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த், 1961 முதல் 1963 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். வளமிக்க சமுதாயத்தைப் பற்றி 1958இல் அவர் வெளியிட்ட நூலில், தேவைகளை நிறைவேற்றுவதாகக் கூறும் உற்பத்தியே அத்தேவைகளை உருவாக்கவும் செய்கிறது என்று வாதிட்டார். பசிக்கு உணவு தருபவர் வேறு. உணவை விற்பதற்காகப் பசியை உண்டாக்குபவர் வேறு. பின்னவரிடம் வாங்கி உண்பவருக்கு வயிறு ஒருபோதும் நிறையாது. மேலும் மேலும் பெருக்கிக்கொள்ளும் போட்டியைக் கண்டிக்கும் திருக்குர்ஆனின் 102ஆம் அத்தியாயத்துக்கு 'அத்தகாஸுர்' என்றே பெயர். அனுபவித்த அருட்கொடைகள் பற்றிய விசாரணையை நினைவூட்டி அவ்வத்தியாயம் முடிவது சிந்திக்கத்தக்கது.

இனி ஒரு விளம்பரத்தை, ஒரு கதையை ஆராய்வதுபோல் ஆராய்வோம். ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975இல் 'ஃபேர் அண்டு லவ்லி' என்னும் முகக் களிம்பை அறிமுகப்படுத்தியது. அதன் தொலைக்காட்சி விளம்பரங்களுள் ஒன்றில், தமக்கு ஓர் ஆண்மகன் இல்லையே என்று தந்தை பெருமூச்சு விடுகிறார். அதைக் கேட்ட மகள் களிம்பைப் பூசுகிறாள், நிறம் வெளுக்கிறது, விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, வீடு மகிழ்கிறது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இத்தகைய விளம்பரங்களை எதிர்த்துத் தேசிய மனித உரிமை ஆணையம் வரை முறையிட்டது. 2003இல் அவ்விளம்பரம் திரையிலிருந்து நீங்கியது. கருநிறத்தைத் தாழ்வாகச் சித்திரிக்கலாகாது என்று இந்திய விளம்பரத் தரநிலைக் குழு 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் அந்நிறுவனமே களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கி, 'குளோ அண்டு லவ்லி' என்று மாற்றிக்கொண்டது.

இக்கதையில் களிம்பைப் பற்றிய செய்தி மிகக் குறைவு; அந்தப் பெண்ணைப் பற்றிய செய்தியே மிகுதி. அவள் குறையுடையவள் என்பதே கதையின் அடிப்படை. அக்குறையை அவள் பிறப்பில் வைத்து, அதன் நிவாரணத்தைக் கடையில் வைத்தார்கள். முஸர்ராத்திலிருந்து நம் காலம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பதை இங்கே காணலாம். பழைய ஏமாற்று ஆட்டைப் பற்றியது. புதிய ஏமாற்று வாங்குபவரைப் பற்றியது. ஆட்டைக் கறந்து பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். தன்னையே தாழ்வாகக் காணக் கற்றுவிட்ட பெண் எதைக் கறந்து பார்ப்பாள்? எவரிடம் எதைத் திருப்பித் தருவாள்?

அரசின் சட்டமும் இவ்விடத்தில் கைவிரிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அதில் தோன்றிப் பரிந்துரைக்கும் புகழ்பெற்றோரும் தப்ப முடியாது. வரவேற்கத்தக்க சட்டமே. எனினும் அது காப்பது, பொருளைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யிலிருந்துதான். 'இது உன்னிடம் இல்லையேல் நீ மனிதனே அல்ல' என்று ஒரு சிரித்த முகம் சொல்லாமல் சொல்வதை எந்தப் பிரிவின் கீழ் வழக்காடுவது?

பழியைப் பிறர்மேல் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கவும் இயலாது. அரபியருக்கு அரபியரல்லாதார் மீதோ, வெள்ளையருக்குக் கறுப்பர் மீதோ இறையச்சத்தாலன்றி வேறு எவ்வகையாலும் மேன்மை இல்லை என்று அறிவிக்கப்பட்ட மார்க்கம் நம்முடையது. கஅபாவின் மீதேறி பாங்கு சொன்னவர் பிலால் (ரலி) அவர்கள். அச்செய்தியை ஜும்ஆ மேடையில் உருக்கமாகக் கேட்டுவிட்டு, 'மணமகள் தேவை' அறிவிப்பில் சிவந்த நிறம் கேட்பவரும் நாமே. நாம் உழுது வைத்த நிலத்தில்தான் களிம்பு விற்பவர் விதைத்தார்.

அதுமட்டுமன்று, மார்க்கத்தின் சொற்களே விளம்பரத்தின் சொற்களாகி வருகின்றன. உம்ராப் பயண அறிவிப்புகளில் ஹரமுக்கும் விடுதிக்கும் உள்ள தூரமும் விடுதியின் நட்சத்திரங்களும் பெரிய எழுத்தில் வருகின்றன. தையலில்லா இரு துணிகளில் செல்வரும் வறியவரும் ஒன்றாகும் தத்துவம் எங்கும் காணப்படவில்லை. நோன்பு மாதம் கடைகளின் சலுகை மாதமாகியுள்ளது. அலங்காரத்தை மறைக்க வந்த பர்தாவே புதுப்புது மாதிரிகளில் அலங்காரமாக விற்கப்படுகிறது. நமது இதழ்களின் பின்னட்டைகளும் இதற்கு விலக்கல்ல என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

விளம்பரம் இல்லாவிடில் வணிகம் ஏது, வேலைவாய்ப்பு ஏது, பத்திரிகை ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், தொழிலின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில் உள்ளது. பொருளில் இல்லாததைச் சொல்லிப் புகழ்வது பொய். வாங்குபவர் தாமே கண்ணால் காண்பதைச் சொல்லிப் புகழ்வது வீண்பேச்சு. அவர் அறிய வாய்ப்பில்லாத உண்மையை மிகைப்படுத்தாமல் எடுத்துரைப்பதில் தவறில்லை என்று மூன்றாகப் பிரித்து அவர்கள் விளக்குகிறார்கள். புதிய விதையின் இயல்பை உழவருக்கும், மருத்துவ முகாமின் நாளை நோயாளிக்கும் தெரிவிக்கும் அறிவிப்பு இம்மூன்றாம் வகை. அது சமுதாயத்துக்குச் செய்யும் சேவை. நாம் மறுப்பது அறிவிப்பை அன்று. அறிவிப்பின் உடையணிந்து வரும் வசியத்தையே மறுக்கிறோம்.

இவ்வசியத்துக்கு இன்று வாசற்கதவும் தேவையில்லை. 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. வறியவர் வீட்டுக்குச் செய்தியும் பொழுதுபோக்கும் வந்தது உண்மை. உடன் விளம்பரமும் வந்தது. பெட்டி இலவசம், அது காட்டிய பொருள்கள் இலவசமல்ல. இப்போது கைப்பேசி, ஒவ்வொருவரும் எதைத் தேடினார், எங்கே நின்று பார்த்தார் என்பதை அறிந்து அவரவர்க்கென்றே விளம்பரம் காட்டுகிறது. பலகையை ஊரே சேர்ந்து பார்த்து ஊரே சேர்ந்து நகைக்கலாம். கைப்பேசியின் முன் ஒவ்வொருவரும் தனித்து நிற்கிறார்.

அப்படியாயின் மகிழ்ச்சி எங்கே உள்ளது? செல்வம் என்பது உடைமைகளின் மிகுதியன்று, உள்ளத்தின் போதுமென்னும் நிறைவே என்பது நபிமொழியின் கருத்து. இதனைக் 'கனாஅத்' என்பர். வறுமையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஆறுதல் மொழியாக இதனைக் குறுக்கிவிடக் கூடாது. கூலி கேட்கும் உழவரிடம் கனாஅத்தைப் போதிப்பது அநீதி. ஏனெனில் அவர் கேட்பது முதற்படித் தேவை. கனாஅத் என்பது, எனக்கு எது தேவை என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைக் கடைக்காரரிடம் ஒப்படைக்க மறுப்பது. அது பணிவு மட்டுமன்று, விடுதலையுமாகும்.

இவ்விடுதலை தனி மனிதரால் மட்டும் கைகூடாது. அண்டை வீட்டார் நூறு பேர் சீர்வரிசைப் பட்டியலோடு நிற்கையில், ஓர் ஏழைத் தந்தை மட்டும் துணிந்து மறுக்க முடியாது. துணிய வேண்டியவர்கள் வசதியுள்ளோர். ஒவ்வொரு ஜமாஅத்திலும் செல்வந்தர் சிலர் தம் பிள்ளைகளின் நிக்காஹைப் பள்ளிவாசலில் எளிமையாக நடத்தி, சீர்வரிசையைத் தவிர்த்தால், மறுக்கும் வலிமை ஏழைக்குத் தானே வரும். மதரஸாக்களும் முஸர்ராத் பாடத்தை ஆட்டு மடியோடு முடித்துவிடாமல், அன்றைய நாளிதழின் விளம்பரப் பக்கத்தை மாணவர் முன் விரித்து, இதில் நிறைந்திருப்பது எது, கறந்தால் வருவது எது என்று கேட்கலாம்.

குச்சனூர்ச் சாலையின் இருபுறமும் வயல்கள் இன்னும் பசுமையாகவே உள்ளன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நீர் எவரிடமும் தவணை கேட்டதில்லை. நம்மிடம் இருப்பதை இருப்பதாகக் காணும் கண்ணையும், இல்லாததற்காக ஏங்காத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.