உச்சத்துக்கு ஒரு படி கீழே

சுங்கைப்பட்டாணி சாப்பாட்டுக் கடைகளில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. "பாட்டெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காரு, ஆனா குரல் ஏறலப்பா." பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த நம் பாடகரின் புதுத் தொகுப்பைப் பற்றித்தான் பேச்சு. எட்டுப் பாட்டு, வரியும் மெட்டும் அவருடையவை. கேட்டவர்களுக்கு ஆளைத் தெரியும், பெயர் வேண்டாம். குரல் ஏறவில்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் ஏற்றவில்லை என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன்.

மூன்றாவது பாட்டு, சயாம் ரயில் பாட்டு. இரண்டாம் சரணத்தின் கடைசி வரிக்கு வாருங்கள். பம்பை நெருக்குகிறது, கீபோர்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறது, நம் காது மேல் ஸட்ஜமத்துக்குத் தயாராகிவிடுகிறது. அவரோ நிஷாதம் வரை வந்து நிற்கிறார். அங்கிருந்து பேச்சுக் குரலுக்கு இறங்கி, கடைசிச் சொல்லைப் பாடாமலே விட்டுவிடுகிறார். நாலு எண்ணிக்கைக்கு உறுமி மட்டும். வளைந்த குச்சி தோலில் உரசும் அந்த முனகல். பிறகு அடுத்த சரணம்.

இதைத்தான் 'மூச்சு முட்டிவிட்டது' என்கிறார்கள். உறுமி மேளக் குழுவில் வளர்ந்தவர் அவர். காவடிக்குப் பின்னால், வெயிலில், பம்பைச் சத்தத்துக்கு மேலே குரல் கேட்கும்படி மணிக்கணக்கில் பாடியவருக்கு, குளிரூட்டிய ஒலிப்பதிவு அறையில் ஒரு ஸட்ஜமம் எட்டாதா? முதல் பாட்டிலேயே அதற்கும் மேலே போய் நின்று நிதானமாக இறங்குகிறாரே!

அந்தப் பாட்டு எதைச் சொல்கிறது என்று பாருங்கள். 1942-43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. போனவர் வந்தாரா என்ற கேள்விக்கு எத்தனையோ தோட்ட லயங்களில் கடைசிவரை பதில் வரவில்லை. அந்தக் கடைசிச் சொல்லை உச்சத்தில் வைத்து முழங்கினால் பதில் வந்துவிட்டது போல ஆகிவிடும். கூட்டம் கைதட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். அவர் அதை விரும்பவில்லை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கோடு நிரைக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடவே போவேன். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, உளியை வைத்துச் சரிவாக இழுப்பார். மெல்லிசாகப் பட்டை சுருண்டு விழும். பால் நிறைய இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டித்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மங்கு சீக்கிரம் நிறையும். ஆனால் உளி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். திரும்ப அங்கே சரியாக வெட்ட முடியாது. அம்மா நிறுத்தும் இடம் ஒரு மயிரிழை. அந்தக் கையைப் பார்த்து 'ஆழமாக வெட்டத் தெரியவில்லை' என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை.

பாடகருடைய நிஷாதமும் அந்த மயிரிழைதான். எட்டில் ஆறு பாட்டுகளில், கிட்டத்தட்ட இதே இடத்தில் இதையே செய்கிறார். அலோர்ஸ்டார் தாருல் அமான் அரங்கில் பந்தாட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரிய வேண்டும். கோல்முனையில் எல்லோரும் 'உதை, உதை' என்று கத்தும்போது பந்தைக் காலடியில் ஒரு கணம் நிறுத்துகிறவனுக்கு உதைக்கத் தெரியாது என்றா அர்த்தம்?

குறை ஒன்று உண்டு. ஏழாவது பாட்டில், செம்பனை வந்து லயம் காலியானதைப் பாடும் இடத்தில், கீபோர்டு அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. அங்கே உறுமியை நம்பியிருக்க வேண்டும். அடுத்த தொகுப்பில் நம்புவார். கீபோர்டு பாதியாகக் குறையும், ஒரு பாட்டாவது வெறும் குரலில் தொடங்கும். கூலிம், லூனாஸ் பக்கத்து இளம் குழுக்கள் இந்த நிறுத்தத்தைக் காப்பியடிக்கும். பாதிப் பேர் எந்தச் சொல்லை விடுவது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். இரண்டு பேருக்குப் பிடிபடும். எனக்கு அது போதும்.

சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயில் சித்ரா பௌர்ணமிக்கு அந்தச் சயாம் ரயில் பாட்டு ஊர்வலத்தில் கட்டாயம் வரும். முதல் வருசம் அந்த நாலு எண்ணிக்கையில் கூட்டமே கடைசிச் சொல்லைக் கத்தும். அடுத்த வருசம் கத்தாது.