லகானைத் தளர்த்தும் கை

டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியின் ரசிகர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பியாஃப் (நின்ற இடத்திலேயே தாளத்தோடு கால் தூக்குவது) என்றால் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். ஒன் டெம்பி (ஒவ்வொரு எட்டிலும் முன்னணிக் காலை மாற்றுவது) வந்தால் பதினைந்து மாற்றத்தையும் விரல்விட்டு எண்ணுகிறார்கள். பாசாஜில் (மிதப்பதுபோல் காலை உயர்த்தி முன்னேறுவது) முழங்கால் எவ்வளவு உயர்ந்தது என்று மறுநாள் வரை சண்டை போடுகிறார்கள். குதிரை நடக்கத் தொடங்கியதும் மட்டும் கை போனுக்குப் போய்விடுகிறது. வர்ணனையாளர்களும் அப்படித்தான். எக்ஸ்டெண்டட் வாக் என்னும் நீட்டிய நடை வந்தவுடன் குதிரையின் தாய் யார், தகப்பன் யார், எந்தப் பண்ணையில் பிறந்தது என்று வம்சாவளி சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். வம்சாவளி முடியும்போது நடையும் முடிந்திருக்கும்.

அது இளைப்பாறும் இடமல்ல. உயர்நிலைத் தேர்வான கிராண்ட் பிரியில் எக்ஸ்டெண்டட் வாக்குக்குப் போடும் மதிப்பெண்ணை இரண்டால் பெருக்குகிறார்கள். கேன்டர் ஓட்டத்திலேயே சுழலும் பிரூவெட்டுக்கு என்ன எடையோ அதே எடை. ஒரு நடுவர் ஆறுக்குப் பதில் எட்டுப் போட்டால் அவருடைய தாளில் நான்கு புள்ளி ஏறும். சதவீதத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. 2024 ஒலிம்பிக்கில், வெர்சாயில் அணிப் பிரிவின் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது வெறும் 0.121. ஏழு நடுவர்களில் இரண்டு பேர், ஒரே ஒரு குதிரையின் நடைக்கு அந்த இரண்டு மதிப்பெண்ணைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தால் பதக்கங்கள் இடம் மாறியிருக்கும். அந்த நேரத்தில் நாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று நான் பேச வந்தது ஒரு ரைடரைப் பற்றி. பெயர் வேண்டாம், விடாமல் பார்ப்பவர்களுக்கு யாரென்று தெரியும். உயரமான பழுப்புப் பெண்குதிரை, கூச்ச சுபாவம், பெரிய அரங்கில் நுழைந்தால் காது இரண்டும் நாலாபுறமும் திரும்பும். இந்தக் குதிரையோடு அவர் ஒவ்வொரு போட்டியிலும் ஒரே முடிவைத்தான் எடுக்கிறார்: நடை வந்ததும் லகானை முழுக்க விட்டுக்கொடுக்கிறார். பாதி அல்ல, முக்கால் அல்ல. குதிரை எவ்வளவு நீளம் கேட்கிறதோ அவ்வளவும். இதற்காக அவரைத் திட்டாத வர்ணனையாளர் இல்லை. "தேவையில்லாத துணிச்சல்", "கையில் இருந்த சக்தியைக் கொட்டிவிட்டார்", "மறுபடி திரட்ட நேரமாகிறது" என்றெல்லாம் சொல்கிறார்கள். ரசிகர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இந்த விளையாட்டில் இப்போது நடக்கும் மிகப் பெரிய தப்புக் கணக்கு இதுதான் என்பது என் கட்சி.

அந்த நடைக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்குள் பாசாஜும் பியாஃபும் ஒரு சுற்று வந்து போயிருக்கும். குதிரையின் உடல் முழுக்க முறுக்கேறிய நிலை. நடை முடிந்து சில அடி கலெக்டட் வாக் (உடலைக் கூட்டிச் சுருக்கிய நடை), அடுத்த நொடி மறுபடியும் பாசாஜ். குதிரைக்கு இது மனப்பாடம். எந்த இடத்தில் என்ன வரும் என்று அதற்குத் தெரியும். தெரிவதால்தான் முந்திக்கொள்ளப் பார்க்கும். இரண்டு எட்டு துள்ளிவிட்டால் போதும், நடை மதிப்பெண் நாலுக்கோ ஐந்துக்கோ சரிந்துவிடும், அதுவும் இரட்டையாக. ஆகவே பெரும்பாலான ரைடர்கள் ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள். கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டுவார்கள், லகான் மட்டும் நீளாது. கழுத்து கொஞ்சம் இறங்கும், மூக்கு உள்ளேயே இருக்கும். ஆறரை நிச்சயம், ஏழு கிடைத்தால் லாபம். நம் ரைடர் எட்டரைக்கும் நாலுக்கும் நடுவே நிற்கிறார், தினமும்.

அந்த இருபது விநாடியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கையுறை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். லகானை அவர் தூக்கிப் போடுவதில்லை. குதிரை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அது விரலுக்கிடையில் வழுக்கிப் போகிறது. வாய்க்கும் கைக்கும் இடையே இருக்கும் மெல்லிய தொடர்பு ஒரு கணமும் அறுவதில்லை. கழுத்து முன்னாலும் கீழேயும் நீளும், மூக்கு செங்குத்துக் கோட்டை விட்டு நன்றாக வெளியே வரும். தோள் அவிழும். வயிறு இடமும் வலமும் அசையும். அந்த அசைவை ரைடரின் கால்கள் தடுக்காமல் வாங்கிக்கொள்ளும். வால் தளர்ந்து ஆடும். இப்போது பாதத்தைப் பாருங்கள்: முன்னங்கால் விட்டுப்போன தடத்தைத் தாண்டி, ஒரு குளம்பு அளவு, ஒன்றரைக் குளம்பு அளவு முன்னால் போய்ப் பின்னங்கால் விழும். நான்கு அடியும் தனித்தனியாக, சம இடைவெளியில். தகதிமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பாருங்கள், நான்கு எழுத்தும் நான்கு குளம்போடு ஒட்டிப் போக வேண்டும். தக என்று சேர்ந்து விழுந்து, இடைவெளி விட்டு, திமி என்று சேர்ந்து விழுந்தால் அந்த நடை கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரே பக்கத்துக் கால்கள் ஜோடி சேர்ந்துகொண்டுவிட்டன.

நடையில் எதையும் ஒளிக்க முடியாது. டிராட்டிலும் கேன்டரிலும் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. அந்த எழுச்சியும் வேகமும் பல குறைகளை மூடிவிடும். நடையில் அந்தக் கணம் கிடையாது. முதுகு இறுகியிருந்தால் இறுகியதாகவே தெரியும். சுமாரான டிராட்டைப் பயிற்சியால் பளபளப்பாக்கலாம். கெட்டுப்போன நடையைச் சீர் செய்வது அதைவிடப் பல மடங்கு கடினம் என்பதைக் குதிரைப் பயிற்சியாளர் யாரிடம் கேட்டாலும் சொல்வார். நடையைக் கெடுப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். அதனால் நடையைப் பார்த்தால், வீட்டில் தினமும் அந்தக் குதிரை எந்த மாதிரிக் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். "சக்தியைக் கொட்டிவிட்டார்" என்பவர்கள் ஒன்றைச் சரியாகத்தான் பார்க்கிறார்கள். நீண்ட லகானைத் திரும்ப எடுத்து, குதிரையைக் கூட்டி, பாசாஜுக்குள் நுழையும்போது அவருடைய முதல் இரண்டு எட்டு தட்டையாகத்தான் இருக்கிறது. மூன்றாவது எட்டில்தான் முதுகு எழுகிறது. அதனால் அந்த மாற்றத்துக்கான மதிப்பெண் அரையோ ஒன்றோ குறையும். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு ஒற்றை எடை. நடையில் ஒன்றரை கூடுதலாக வாங்கி, அதை இரட்டிப்பாக்கிக்கொண்டு, மாற்றத்தில் ஒன்றை விட்டாலும் கையில் இரண்டு புள்ளி மிச்சம். இவ்வளவு எளிய கூட்டல் கழித்தலை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அந்த இரண்டு தட்டையான எட்டுகள் கண்ணில் பட்டுவிடுகின்றன. நடையில் கிடைத்தது கண்ணில் படவில்லை, ஏனென்றால் அப்போது யாரும் பார்க்கவில்லை.

புள்ளியை விடுங்கள். அதற்கடுத்து வரும் பியாஃபைப் பாருங்கள். இந்தக் குதிரையின் பியாஃப் பெரியது அல்ல. எழும் முன்னங்காலின் நுனி எதிர்க்காலின் முன்னெலும்பு நடு வரைக்கும், பின்னங்கால் எதிர்க்காலின் கணு மூட்டுக்குச் சற்று மேலே வரைக்கும் எழுந்தால் போதும் என்பது ஏட்டில் உள்ள அளவு. அது அப்படியே நடக்கும், அதற்கு மேல் கிடையாது. ஆனால் அந்தப் பன்னிரண்டு, பதினைந்து எட்டும் ஒரே தாளத்தில் வரும், காது தளர்ந்திருக்கும், வால் சுழலாது. சில நிமிடங்களுக்கு முன் முதுகை நீட்டிவிட்ட குதிரைக்குத்தான் இது வாய்க்கும். நடையில் இழுத்துப் பிடிக்கப்பட்ட குதிரைகள் இரண்டாவது பியாஃபில் பின்னங்காலை விரித்து ஆடுவதையும் வாலை விசிறுவதையும் இனி கவனியுங்கள். எத்தனை முறை இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

நடுவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆறு என்றால் திருப்தி, ஏழு என்றால் ஓரளவு நன்று, எட்டு நன்று, ஒன்பது மிக நன்று. அளவுகோல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நடை என்று வந்தால் பெரும்பாலான குதிரைகள் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே அடைந்துகொள்கின்றன. கண்ணைப் பறிக்கும் டிராட் ஓடிய குதிரைக்கு, அந்த டிராட்டின் நினைவிலேயே நடைக்கும் ஏழு விழுகிறது. லகான் நீளாத ஒரு நடைக்கு ஏழு கொடுத்தால், உயிரைக் கொடுத்து நடக்கவிட்டவருக்கு ஏழரை கொடுப்பதில் என்ன நியாயம்? ஆபத்தை ஏற்றவருக்கு உரிய கூலி கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறை ரைடர் ஏன் லகானை விடப்போகிறார்?

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. அறுபதுக்கு இருபது மீட்டர் அரங்கில், சி எழுத்தின் பின்னால் அமர்ந்திருக்கும் நடுவர் குதிரையை நேர் எதிரே பார்க்கிறார். கோணல், தலைச் சாய்வு எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னங்கால் தடத்தைத் தாண்டியதா என்பது பக்கவாட்டில், இ எழுத்திலும் பி எழுத்திலும் இருப்பவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஆகவே நடைக்குச் சி நடுவர் ஏழும் இ நடுவர் எட்டரையும் போட்டால் உடனே "ஊழல்" என்று கத்தாதீர்கள். இருவரும் பார்த்த குதிரை ஒன்று, கோணம் வேறு. இ நடுவரின் தாளை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

இந்த விளையாட்டு 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது அது படை அதிகாரிகளின் சொத்து. 1952 ஹெல்சின்கி வரை மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமே இல்லை. அந்த அதிகாரிகளுக்கு நல்ல நடை என்பது அழகுக்காக அல்ல. நாள் முழுக்கச் சுமந்து போகிற குதிரைக்கு அது வேண்டும். பிறகு 1996 அட்லாண்டாவில் இசையோடு கூடிய ஃப்ரீஸ்டைல் வந்தது, அரங்குகள் நிரம்பின, கைதட்டல் கூடியது. எனக்கும் ஃப்ரீஸ்டைல் உயிர். ஆனால் நடை வெறும் இடைவேளை இசையாகச் சுருங்கியதும் அதற்குப் பிறகுதான்.

ஃப்ரீஸ்டைலில் ரைடர் எடுக்கும் முடிவு இன்னும் வெளிப்படையானது. நடையை எங்கே வைப்பது என்பது அவர் விருப்பம். குறைந்தது இருபது மீட்டர் எக்ஸ்டெண்டட், இருபது மீட்டர் கலெக்டட் என்பதுதான் நிபந்தனை. பலர் அந்த இருபதை அளந்து வைத்ததுபோல் முடித்துவிட்டு ஓடுகிறார்கள். நம் ரைடர் மூலைவிட்டத்தில், அரங்கின் நட்டநடுவே, எல்லா நடுவர் கண்ணிலும் படும்படி நீளமாக வைக்கிறார். அதிலிருந்து கலெக்டட் வாக், நேரே பியாஃப். தளர்ச்சியின் உச்சியிலிருந்து கூட்டலின் உச்சிக்கு, நடுவில் ஒரு பாசாஜ் எட்டின் உதவிகூட இல்லாமல். ஒன் டெம்பியை வளைவுக் கோட்டில் போடுவதைவிட இது கடினம் என்பேன். கடினத்துக்கான மதிப்பெண்ணில் இதற்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆனால் காற்று திசை மாறுகிறது. தலையை மார்போடு வலிந்து இழுத்து வைக்கும் பயிற்சி முறையை 2010இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஏற்கத்தகாதது என்று அறிவித்தது. மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கம் என்று அளக்க 2025 முதல் ஒரே மாதிரியான கருவி வந்துவிட்டது. குதிரையின் வாய் எப்படி இருக்கிறது, காது எப்படி இருக்கிறது என்று குதிரையேறாத பொதுமக்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு ஆறு நிமிடத் தேர்வுக்குள் நேரடியாகப் பதில் சொல்லும் இடம் ஒன்று உண்டென்றால் அது எக்ஸ்டெண்டட் வாக்தான்.

ஆகவே என் கணிப்பு இது. 2026 ஆகென் உலக சாம்பியன்ஷிப்பிலேயே நடை மதிப்பெண்கள் விரிய ஆரம்பிக்கும். ஐந்தரையும் வரும், ஒன்பதும் வரும். லகான் நீளாத நடைக்கு ஏழு கிடைக்கும் காலம் 2028 லாஸ் ஏஞ்சலிஸுக்கு முன்பே முடிந்துவிடும். பின்னங்கால் எவ்வளவு தாண்டியது என்பதைக் கேமரா அளந்து திரையில் காட்டும் நாளும் தூரத்தில் இல்லை. அது வந்த அன்று இந்த விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும். இளங்குதிரை ஏலங்களின் காணொளிகளில் இன்று டிராட்தான் முதலில் ஓடுகிறது. வாங்குபவர்கள் நடையை முதலில் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். நடை மிகப் பெரிதாக இருக்கும் குதிரைக்குக் கூட்டல் கஷ்டம் என்ற பழைய பயம் வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பொறுமையான கைக்கு அது தடையாக இருந்ததில்லை.

நம் ரைடருக்கு லாஸ் ஏஞ்சலிஸில் தனிநபர் பதக்கம் உண்டு. அந்தப் பழுப்புப் பெண்குதிரைக்கு அப்போது வயது கூடியிருக்கும், ஆனால் நீட்டி நடக்கவிடப்பட்ட முதுகு சீக்கிரம் தேயாது. அதே குதிரையில்தான் ஜெயிப்பார் என்கிறேன். அதற்கு முன் ஒரு பெரிய போட்டியில் அவர் கண்டிப்பாக நடையில் தோற்பார்; குதிரை எதற்கோ மிரண்டு இரண்டு எட்டு துள்ளும், நாலு விழும். அன்று எல்லோரும் "அப்போதே சொன்னோமே" என்பார்கள். அடுத்த வாரமும் அவர் லகானை விடுவார். விட வேண்டும்.

வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ரசிகர்களே மதிப்பெண் போடும் செயலி வந்துவிட்டது. அடுத்த போட்டியில் நடை தொடங்கியதும் போனை அதற்காக மட்டும் எடுங்கள். முதலில் ரைடரின் விரல், பிறகு குதிரையின் மூக்கு, பிறகு பின்னங்கால் விழும் இடம், இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் போடுங்கள். லகான் நீளவில்லை என்றால், உங்கள் அபிமானக் குதிரையாகவே இருந்தாலும் ஆறுக்கு மேல் போடாதீர்கள்.