கையும் மேளமும்

சிவகாசிப் பக்கத்தைப் பற்றிய ஆவணப்படம் என்றதும் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’தான். 1990இல் வந்த படம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். எடுத்தவர் பெங்களூர்க்காரர். நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டத்தையே தலைப்பில் வைத்து, அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டது. தீப்பெட்டி ஆபீசுக்கும், ‘பயர் ஆபீஸ்’ என்கிற பட்டாசு ஆலைக்கும் விடியுமுன் பஸ் ஏறிப்போன கிராமத்துப் பிள்ளைகளே அதன் பொருள்.

இந்த மாதிரிப் படங்கள் ஊர்ப்பெயரைக் கெடுத்துவிட்டன என்ற மனத்தாங்கல் இங்கே பலருக்கு உண்டு. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்க்கும் கரிசல் காட்டில் அவர்கள் அடுப்பெரிய வழிசெய்ததை ஏன் காட்டவில்லை என்று கேட்பார்கள். அந்த உழைப்பு பெரிதுதான். ஆனால் படத்தின் மேல் சாற்றும் குற்றமாக இது நிற்காது. தீப்பெட்டி, பட்டாசு செய்யும் வேலையில் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாதென்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. குடும்பத்தார் செய்யும் வேலைக்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்தது. படம் வந்து ஆறு ஆண்டு கழித்து, 1996 டிசம்பரில், சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காமிரா பொய் சொல்லியிருந்தால் அப்படியொரு தீர்ப்புக்கு வேலையே இருந்திருக்காது.

என் குறை வேறு. இந்த மக்களைத் தொழிலின் பாதிப்பு வழியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதே சாலையில்தான் வந்தன. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்ததும் காமிராக்கள் வந்து குவிந்தன, போயின. ஒரு பண்பாட்டைப் பதிவு செய்த படம் என்று எடைபோட்டால் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ பாதி வழியில் நிற்கிறது.

மறுபாதி எதுவென்று தெரிய, பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றித் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களின் கைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் வெள்ளியாய் ஒட்டியிருக்கும் விரல்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆண்டு முழுக்க ஒரு பொறி விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து பட்டாசுச் சரம் பின்னுகிற கை, அன்றைக்கு நெருப்பையே ஏந்தி நடக்கிறது. முன்னால் நாகசுரமும் தவிலும் பம்பையுமாக நையாண்டி மேளம். குலவைச் சத்தம் வேறு. வேலையும் வேண்டுதலும் இசையும் ஒரே உடம்பில் கூடும் இடம் அது. அதை ஒரே சட்டகத்துக்குள் வைத்த படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்படி வைக்க முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு பழைய சான்று இருக்கிறது. ஜெர்மானியரான வெர்னர் கிஸ்லிங் 1934இல் எரிஸ்கே தீவில் எடுத்த படம். ஈரக் கம்பளித் துணியை மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் அடித்துத் துவைத்து இறுக்குகிறார்கள். அடிக்குத் தாளமாகக் கேலிக் மொழியில் பாடுகிறார்கள். பாட்டை வேலையிலிருந்து பிரித்தால் இரண்டும் நின்றுவிடும். ஆனால் கிஸ்லிங்குக்குத் தீவின் அழகு தெரிந்த அளவுக்கு அதன் வறுமை உறைக்கவில்லை. அவர் விட்டது பென்னூர்கருக்குக் கிடைத்தது; பென்னூர்கர் விட்டது அவருக்கு.

நம் இசை, நடனப் படங்களும் கிஸ்லிங் பக்கமே சாய்கின்றன. சத்யஜித் ராய் 1976இல் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’வில், கடற்காற்று சேலையைப் பிடித்திழுக்க அவர் ஆடும் காட்சியைப் பலரும் சிலாகிப்பார்கள். எனக்கு அது உறுத்தும். அபிநயத்தைக் காற்று தின்கிறது. நுண்ணிய முகபாவத்துக்குப் பேர்போனவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டாம். அந்தக் கலையைக் காத்த மரபையும் அதற்குச் சமூகம் கொடுத்த மரியாதையையும் படம் மேலோட்டமாகத்தான் தொடுகிறது. இவற்றுக்கு நேர்மாறாக, அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் 2011இல் பறையைப் பற்றி எடுத்த படம் எனக்கு முக்கியம். தீண்டாமையின் சுமையைத் தாங்கிய ஒரு கருவியைக் கலைஞர்கள் தங்கள் பெருமையாக மீட்டெடுப்பதை அது பின்தொடர்கிறது. அடி விழுகிற ஒவ்வொரு முறையும் சாதியும் சேர்ந்து காதில் விழுகிறது. எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

உள்ளூர்க்காரர் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? எல்லாம் ஆகாது, சில ஆகும். கரிசல் எழுத்தாளர் பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எஃப்.டி.சி.) தயாரிப்பில் ‘கருவேலம்பூக்கள்’ எடுத்தார். தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டின் பேச்சும் வழக்கும் அதில் வந்தன. கதைப்படம்தான், இருந்தும் வெளியிலிருந்து வந்த காமிராவுக்கு எட்டாத வீட்டுத் திண்ணை அவருக்கு எட்டியது.

ஆக என் தீர்ப்பு இது. சாட்சியமாக ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ முதல் தரம். அதன் மேல் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும், குறிப்பாக இந்த மாவட்டத்தில், அதைத் திரையிட வேண்டும். பண்பாட்டு ஆவணமாக அது போதாது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தப் போதாமையை நிரப்பாமல் விட்டது அதைவிடப் பெரிய குறை. 1990இல் பத்து வயதில் குச்சி அடுக்கியவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் இன்னும் அதே ஊர்களில்தான் இருப்பார்கள். அடுத்த படம் அவர்களிடமிருந்து தொடங்கட்டும்: அன்றைக்குக் கூலி என்ன என்று கேட்டுவிட்டு, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டீர்கள், யார் மேளம் வாசித்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் கேட்கட்டும்.