ஏவல் உரைநடை: உத்திரமேரூர்க் கல்வெட்டும் ஒலித்தொகுப்புக் கருவிக்குறிப்பும்

ஒரு தொழிலை இவ்வாறு செய்க என்று விதிப்பதை ஏவல் உரைநடை எனலாம். மருத்துவச் சுவடியும் ஊர்ச்சபைத் தீர்மானமும் இவ்வகையின. இவற்றைப் படிப்போர் மனிதராதலின் விடுபட்டதைத் தம் பட்டறிவால் நிரப்பிக்கொள்வர். இன்றோ, செயற்கை நுண்ணறிவு முகவர் என வழங்கும் நிரல்கள் மென்பொருட் கருவிகளின் குறிப்பைப் படித்து அவற்றைத் தாமே இயக்குகின்றன. குறிப்பில் இல்லாததை அவை ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறின் தொழிலும் தவறும். ஆதலின் இக்குறிப்புகளைத் தொழில்நுட்பத்தார்க்கே உரியவை என ஒதுக்காது, உரைநடை என்னும் முறையில் திறனாய்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

இதற்குரிய அளவுகோல் நம்மிடமே உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறைக்குச் சான்றாக இவற்றைப் போற்றுவார் பலர். இவற்றின் உரைநடையை நோக்கினார் சிலரே. முதல் விதியில் 30 முதல் 60 வரை என இருந்த அகவை வரம்பு, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை எனத் திருத்தப்பெற்றது. கணக்குக் காட்டாதாரோடு அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்; அவ்வுறவு இன்னின்னது என்பதும் இரண்டாவதில் விரித்துரைக்கப்படுகிறது. ஓலையை எடுப்பவன் வேறுபாடு அறியாச் சிறுவன். அதனை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். செய்வோன், செயல், விலக்கு, நோக்கம் ஆகிய நான்கும் ஐயத்திற்கு இடமின்றி நிற்கின்றன.

இனி, ஒலித்தொகுப்பிற்குப் பெருவழக்காக உள்ள ஆடாசிட்டி மென்பொருளை நோக்குவோம். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கப்பெற்று 2000இல் வெளியான இது, பிற நிரல்கள் கட்டளையிட்டு இயக்குதற்கும் வழி தருகிறது. அக்கட்டளைகளின் பட்டியல் ஒவ்வொன்றற்கும் பெயர், அளவுருவின் வகை, இயல்பு மதிப்பு ஆகியவற்றைத் தருகிறது. சுருக்கமும் ஒழுங்கும் இதன் சிறப்புகள். எனினும் நன்னூலார் பாயிரத்திற் கூறிய பத்துக் குற்றங்களுள் இரண்டு இதன்கண் உள.

முதலாவது, மயங்கவைத்தல். ஒலியைப் பெருக்கும் கருவி திரையில் டெசிபெல் அளவைக் காட்டுகிறது. கட்டளையிலோ விகிதத்தைக் கேட்கிறது. உச்சத்தைச் சீராக்கும் கருவியோ கட்டளையிலும் டெசிபெல்லையே கொள்கிறது. 6 டெசிபெல் உயர்த்த எண்ணி 6 என இட்டால், ஒலி இரு மடங்காவதற்கு மாறாக ஆறு மடங்காகி, ஏறத்தாழ 15.6 டெசிபெல் உயரும்.

இரண்டாவது, குன்றக்கூறல். இரைச்சல் நீக்கம் இரு படிகளை உடையது: இரைச்சல் மட்டும் உள்ள பகுதியை முதலில் தேர்ந்து அதன் இயல்பை அறிவித்தல், பின்னர் முழுப்பதிவிலும் அதனைக் குறைத்தல். மாதிரியாக எடுக்கத்தகாதது எது என்னும் விலக்கு கட்டளைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இவ்விலக்கின் அருமை காஞ்சிபுர வட்டாரத்துக் கட்டைக்கூத்துப் பதிவுகளை எண்ணுவார்க்கு விளங்கும். ஆங்கு ஆர்மோனியத்தின் சுருதி இடையறாது ஒலிக்கும். பாடல் நின்ற இடத்தை வெற்றிரைச்சல் எனக் கருதி முகவர் மாதிரி எடுப்பின், அச்சுருதியோடு அதே அதிர்வெண்களில் அமைந்த கூத்தரின் குரலும் தேயும். மறைந்த கலைஞரின் ஒரே பதிவின்மேல் இது நிகழ்ந்து, மூலமும் மேலெழுதப்படின், இழப்பிற்கு மீட்சியில்லை.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் விரித்தெழுதலாமே எனின், அது மிகைபடக்கூறல் ஆகும். நெடிய குறிப்பில் முதன்மையான விலக்கு அமிழ்ந்துபோம். 2024இல் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாதிரிச் சூழல் நெறிமுறை, ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு வரையறை ஆகியவற்றை அமைக்கிறது. அழிக்கும் இயல்பினதா, படிக்க மட்டும் உரியதா என்னும் அடையாளங்களுக்கும் பின்னர் இடமளித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவை குறிப்புகளேயன்றிக் கட்டுப்பாடுகள் அல்ல.

ஈண்டுக் கல்வெட்டு மேலும் ஒன்று கற்பிக்கிறது. ஓலையை வாங்கியவர் அதனைப் படித்ததோடு அமையாது, மண்டபத்திருந்த நம்பிமார் அனைவரும் படித்த பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது. விதி எத்துணைத் தெளிவாயினும், அதன்படி நடந்ததைப் பலரறியக் காட்டுதலும் விதியின் கூறாகவே வைக்கப்பெற்றது. கருவிக்குறிப்பும், எந்த வினாடி முதல் எந்த வினாடி வரை எவ்வளவு மாற்றப்பட்டது, மூலம் எங்குள்ளது என்பவற்றைக் கருவி திருப்பிச் சொல்லுமாறு வரையறுத்தல் வேண்டும். அங்ஙனம் சொல்லாத கருவியை ஒரே படியாக உள்ள பதிவின்மேல் ஏவுதல் தகாது என்பதே எம் துணிபு.