மிளகுப் பொட்டலமும் கோரைப் பாயும்

டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் 1627இல் தைலவண்ணத்தில் தீட்டிய விருந்து மேசையில், வான்கோழியோடும் சங்குக் கிண்ணத்தோடும், பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய மிளகுப் பொட்டலம் ஒன்று கிடக்கின்றது. கழிந்த நாள்களின் தாளாதலின், அதனை நிலையாமையின் குறியீடு எனக் கொள்வது பொருந்தும். ஆயினும், கீழ்த்திசையில் அம்மிளகைப் பறித்த கையை அவ்விளக்கம் காண்பதில்லை.

சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில், ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, நூலென மெல்லிதாகக் கிழித்து, நம் லெப்பைக் குடும்பப் பெண்கள் பாய் நெய்கின்றனர். திருமணப் பாயில் மணமக்கள் பெயரும் இடம்பெறும். நெய்தவர் பெயர் இடம்பெறுவதில்லை. நாளை அப்பாயை ஓர் ஓவியர் தீட்டினால், இல்லறத்தின் குறியீடு என்று திறனாய்வாளர் உரைப்பார். அது குறைவிளக்கமே. ஒரு பொருளுக்கு முதற்பொருள் தருவது, அதனை ஆக்கிய கை. அக்கையைக் காணாத திறனாய்வு, உடையவனின் செல்வத்தை மட்டுமே வாசிக்கின்றது.