தூதிற் பிரிவும் மீட்சியும்

தமிழ் அகப்பொருள் மரபு பிரிவைப் பேசிய அளவுக்கு மீட்சியைப் பேசவில்லை. தலைவன் எவற்றின் பொருட்டுப் பிரிவான் என்பதை அகத்திணையியலில் வகுக்கும் தொல்காப்பியர் ஓதல், பகை, தூது என்னும் மூன்றை முதற்கண் வைக்கிறார். அவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்குரியன என்பதும் அவர் கூற்றே. கற்பியல் இப்பிரிவுகளுக்குக் காலவரையறையும் தருகின்றது. கல்விக்கு மூன்றாண்டு, வேந்தன் பொருட்டு மேற்கொள்ளும் தொழிலுக்கு ஓராண்டினுட்பட்ட காலம். தூது சென்றவன் அடுத்த கார்காலம் கழியுமுன் இல்லம் சேர்ந்துவிட வேண்டும்.

இந்த ஓராண்டு வரையறையை வெறும் இலக்கணச் செய்தியாகக் கொள்ளுதல் தவறு. முல்லைத் திணையின் அழகியலே இதன்மீது எழுந்ததெனலாம். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவி ஆற்றியிருக்கிறாள், வீடும் அவளோடு மாறாது இருக்கின்றது. ஐங்குறுநூற்றின் இறுதியில் அடுத்தடுத்து அமைந்துள்ள தேர்வியங்கொண்ட பத்தையும் வரவுச் சிறப்புரைத்த பத்தையும் சேர்த்துப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர். முன்னதில் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுகிறான் தலைவன். பின்னதில் வந்து சேர்ந்த மகிழ்ச்சியைத் தலைவிக்கு உரைக்கிறான். அத்தோடு நூலே முடிந்துவிடுகின்றது! மறுநாட் காலையில் அவ்வீட்டில் யாது நிகழ்ந்தது என்பதற்கு ஒரு துறை வகுக்கப்படவில்லை. செவிலி கூற்றுப் பத்து இல்லறத்தின் இனிமையைக் காட்டுவது உண்மையே. ஆயினும் நெடுநாள் பிரிந்து வந்தவனுக்கும் வீட்டுக்கும் இடையே தோன்றும் கூச்சம் அங்கும் இல்லை. புறத்திணையிலும் இதே நிலைதான். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரைப் புறநானூறு காட்டுகின்றது. தூது முடித்து மீண்ட ஔவையாரை நாம் அங்குக் காண்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு இந்த ஓராண்டு வரையறையை என்றோ கடந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றோர் பலர். அவர்களுட் பெருந்தொகையினர் வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் அங்கே கழித்து, ஓய்வூதியத்தோடு ஊர் மீண்டனர். 'மலாயன் பென்சனியர்' என்ற பெயரே ஒரு சமூக வகைமாதிரியைக் குறிப்பதாயிற்று. அவர்கள் தூதுவரல்லர், எனினும் பிற்காலத்துத் தூதரக அலுவலரும் சருவதேச நிறுவன அதிகாரிகளும் எதிர்கொண்ட சிக்கலை முதலில் அனுபவித்தோர் அவர்களே.

அச்சிக்கலின் இயல்பை அறியத் தேசவழமையை நோக்குதல் தகும். 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியிற் தொகுக்கப்பட்ட அவ்வழக்காறு சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகக் கொள்கிறது. குடாநாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்வது மனைவியின் சீதன வீட்டில். எனவே மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்று பல்லாண்டு கழித்து மீள்பவன், அவள் தனித்து நிருவகித்த வீட்டுக்கே வந்து சேர்கிறான். எந்த வேலிக்கு யாரோடு வழக்கு, எந்த நன்மை தீமைக்கு எவரெவருக்குச் சொல்ல வேண்டும், தோட்டத்துக்கு எந்த நாளில் இறைப்பு என்பன யாவும் அவளுக்குத் தெரியும். அந்நிய நாட்டில் பத்துப்பேருக்குக் கட்டளையிட்டவன் இங்கே ஒவ்வொன்றையும் கேட்டறிய வேண்டியவனாகிறான். முல்லைத் தலைவி போல இவள் வெறுமனே இருந்தவளல்லள். பழைய மரபைக் கொண்டு இவளைப் பாட இயலாமைக்குக் காரணமும் இதுவே.

இம்மீட்சியை எழுதத்தக்க அனுபவம் வாய்க்கப்பெற்றவர் அ. முத்துலிங்கம். 1937இல் கொக்குவிலிற் பிறந்து, 1964இல் 'அக்கா' தொகுதியைத் தந்த அவர், பின்னர் ஐக்கிய நாடுகள் சபைப் பணியில் ஆபிரிக்க, ஆசிய நாடுகளிற் பல்லாண்டு வாழ்ந்தார். 1995இல் 'திகடசக்கரம்' வாயிலாக எழுத்துக்கு மீண்டார், ஊருக்கு மீளவில்லை. கனடாவிற் குடியமர்ந்தார். அந்நிய மண்ணில் ஓர் அதிகாரியின் நாளாந்தத்தை அங்கதத்தோடு காட்டுவதில் ஈழத்தில் அவருக்கு நிகரானோர் மிகச் சிலர். ஆயினும் கொக்குவில் அவர் எழுத்தில் வரும்போது பெரும்பாலும் சிறுவன் ஒருவனின் கண்வழியாகவே வருகின்றது. 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' (2008) நாவலிலும் சிறுவனின் ஊரும் அதிகாரியின் உலகமும் தத்தம் அளவில் உயிர்ப்போடு உள்ளன. பணி முடித்த அந்த அதிகாரி சங்கடப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வரும் கட்டம் மட்டும் எழுதப்படவில்லை.

இதனைக் கடந்தகால ஏக்கம் என ஒதுக்கிவிடும் விமர்சகர் உளர். அது அவசர முடிவு. 'திகடசக்கரம்' வெளிவந்த அதே 1995இன் ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது, கொக்குவிலும் வெறிச்சோடியது. எழுத்தாளர் எழுத்துக்குத் திரும்பிய ஆண்டில் திரும்புவதற்கான ஊரில் மக்கள் இல்லை. படலையைத் திறக்கும் கட்டம் எழுதப்படாமைக்கு எழுத்தாளரின் இயல்பைவிட இந்த வரலாறே பெரிதும் பொறுப்பு.

அவர்மீது வைக்கத்தக்க குறை வேறொன்று. ஊரைவிட்டுப் போகாத பெண்ணொருத்தி, தலைவாசலில் நின்று, வந்தவனை ஏற இறங்கப் பார்த்துச் சொல்லும் கூற்று அவர் கதைகளிற் கிடைப்பது அரிது. சங்கப் புலவர்களைப் போலவே அவரும் பயணம் செய்தவனின் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.