இலவச மாத்திரையும் ஒரு வெள்ளியும்

மலேசியாவில், சுங்கை செம்பிலாங்கிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் சுங்கை பூலோ வந்துவிடும். 1930இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறந்தது. தொழுநோய்க்குக் கொடுத்த டாப்சோன் மாத்திரைக்குக் கிருமி பணிய மறுக்கிறது என்பதை 1964இல் முதன்முதலில் நிரூபித்ததும் அங்கிருந்த நோயாளிகளை வைத்துத்தான். ஒற்றை மருந்தை நம்பக் கூடாது என்று தெரிந்தது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது.

அந்தக் கூட்டு மருந்தை 2000 முதல் நோவார்ட்டிஸ் கம்பெனி அந்நிறுவனத்தின் வழியே பல நாடுகளுக்கு இலவசமாகத் தருகிறது. குறை சொல்லவே மனம் வராத ஏற்பாடு. மருந்து வரும் அட்டையைப் பாருங்கள்: 28 நாளுக்கு ஓர் அட்டை. மாதம் ஒருமுறை சுகாதார ஊழியர் கண்முன்னே விழுங்க வேண்டிய ரிஃபாம்பிசின் ஒரு பக்கம், வீட்டில் தினமும் போடுவது இன்னொரு பக்கம். எழுத்துத் தெரியாதவருக்கும் குழப்பம் வராது.

ஆனால் தானம், கொடுப்பவர் கைகாட்டும் நோய்க்குத்தான் வரும். கல்லீரலை அரிக்கும் ஹெபடைடிஸ் சி-க்கு 2013இல் சோஃபோஸ்புவிர் வந்தபோது அமெரிக்காவில் மாத்திரை ஒன்று 1,000 டாலர். அதை விற்ற கிலியட் கம்பெனி தன் மலிவு உரிமத் திட்டத்தில் மலேசியாவைச் சேர்க்கவில்லை. நாம் நடுத்தர வருமான நாடாம்! 2017இல் நம் அரசு, காப்புரிமையைத் தாண்டி மலிவு மருந்து வாங்கத் துணிந்தது. கிலியட்டும் அந்த ஆண்டே இறங்கி வந்தது. எகிப்தின் ஃபார்கோ கம்பெனியோடு கைகோத்துப் பரிசோதித்த ராவிடாஸ்விர் என்ற இன்னொரு ஹெபடைடிஸ் சி மருந்து 2021இல் இங்கே பதிவானது. இதுவும் அரசும் தனியாரும் சேர்ந்த கூட்டுத்தான். கையேந்தாமல் பேரம் பேசிய கூட்டு என்பதால் எனக்கு இதுவே மேல்.

இன்னொன்றையும் எந்தக் கம்பெனியும் தானம் செய்வதில்லை: ஆள். தொழுநோய் அட்டைக்கே திரும்புவோம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் சிவக்கும். அதிலுள்ள இன்னொரு மருந்தான குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். பயந்துபோய் அட்டையைப் பாதியில் வீசுகிறவரிடம் "ஒண்ணும் இல்ல அண்ணே, மருந்தோட வேலைதான்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஒருகாலத்தில் அது தோட்டத்து டிரஸ்ஸர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அவரும் போனார். இன்று அந்த வேலை அரசுக் கிளினிக்குடையது.

அங்கே நமக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. இப்போது செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். அவர்களுக்கு அது பல மடங்கு.